விடுபட்ட இரண்டு பக்கங்கள்

மார்ச் 6, வியாழன்

தவறு என்னுடையது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மாலை வகுப்புக்காக சாரின் தத்துவப் புத்தகத்தை எங்கள் ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்தபோது, ஓரிடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். 42, 43ஆம் பக்கங்கள் இருபத்தாறு பேரில் யாருடைய நகல் கட்டிலும் இல்லை. ஓரத்துக் கறுப்பு அசிங்கமாக இருக்கிறதென்று பக்க எண்களோடு சேர்த்து வெட்டியவனும் நானே. 41 முற்றுப்புள்ளியில் முடிகிறது, 44 புதிய பத்தியில் தொடங்குகிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யாருக்கும் என்று எழுதியது சரியல்ல. எக்ஸ்ரே அக்காவுக்கு வந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். சீருடையோடே வகுப்புக்கு வருவார். நாங்கள் படித்தது வலியைப் பற்றிய அத்தியாயம், வாரத்துக்கு ஒரு பத்தி. எழுத்துக்கூட்டியா படிக்கிறீங்க தம்பி என்று வீட்டில் அண்ணி கேட்பார். 38 முதல் 41 வரை, வெளியே சொல்லாத வலி வலியே அல்ல என்று வாதம் போகிறது. அதுதான் நூலாசிரியரின் கொள்கை என்று சார் பலகையில் எழுதிப்போட்டார். அக்கா மட்டும் மறுத்தார். வலிக்குச் சாட்சி தேவையில்லை என்று முதல் அத்தியாயத்தில் சொன்னவர் இங்கே இப்படிச் சொல்வாரா, இது எதிராளியின் பேச்சு, அவனை முழுதாகப் பேசவிட்டுத்தான் மறுக்கப்போகிறார் என்றார். எங்கே மறுக்கிறார், காட்டுங்கள் என்றார் சார். அக்கா கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எலும்பைத்தான் எக்ஸ்ரே எடுப்பீங்கன்னு நினைச்சேன். இல்லாத வரியையுமா?"

சார் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பரீட்சையிலும் அக்கா அதையே எழுதினார். இருபதுக்கு மூன்று. ஓரத்தில் சிவப்பு மையில், 'நூலில் இல்லாதது.' அதனால் தேறவில்லை. தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டில் இடம் கிடையாது. இரண்டு வாரமாக அவர் வகுப்புக்கு வரவில்லை.

இன்று, மங்கலாக விழுந்த ஒரு வரியைச் சரிபார்க்க ஆசிரியர் அறையில் சாரிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அப்போதுதான் 42 கண்ணில் பட்டது. 'இதுவரை பேசியவர்கள் என்னை மறுப்பவர்கள்' என்றுதான் அந்தப் பக்கமே தொடங்குகிறது. பக்கத்தில் மங்கிப்போன பென்சிலில், 'மறுப்பு இங்கிருந்து.' சாரின் கையெழுத்து.

இரண்டு பக்கங்களையும் போனில் படமெடுத்துக்கொண்டு, புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். என் தவறென்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு பக்கம் விட்டதுல என்ன குடி முழுகிப் போச்சு? மார்க்கெல்லாம் ஆபீசுக்குப் போயாச்சு."

"அக்கா எழுதினது சரிதானே சார்?"

"அந்தம்மா இந்தப் பக்கத்தைப் பார்த்தா எழுதினாங்க? குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கு. நீ போய் உன் மெஷினைப் பாரு."

குருட்டாம்போக்கா? கண்ணால் காணாத பக்கத்தில் என்ன இருந்தாக வேண்டும் என்பதை, கையிலிருந்த பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தே சொன்னவர் அவர். சாரிடம் முழுப் புத்தகம் இருந்தது. தானே ஒருகாலத்தில் குறித்துவைத்த இடம். அதைத் திறக்கச் சோம்பி, எங்கள் நகல் கட்டை வைத்துப் பாடம் நடத்தி, படித்தவருக்கு மூன்று மார்க் போட்டிருக்கிறார். கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டேன். பக்கத்தை விட்டவன் நான், சிரித்தவனும் நான். ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

"சரி, அந்தப் பக்கத்துல புத்தகம் எழுதினவர் என்னதான் சொல்றார்? படி."

படித்தேன். இரண்டாவது பத்தியில் நிறுத்தச் சொன்னார்.

"மெதுவாப்பா. இன்னொரு தடவை."

மறுமதிப்பீட்டு மனு கொடுக்க நாளை மதியம் பன்னிரண்டு மணி கடைசி.

நாளை: கடையில் அரைநாள் லீவு. ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அக்காவிடம் மனுவில் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கங்களை விட்டது நான்தான் என்று தனித்தாளில் எழுதி, 42, 43இன் நகலோடு அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும்.