அறுபத்திரண்டில் நின்றது

நாற்பத்திரண்டாவது நொடியில் அவளுக்குத் தன் நாற்காலியின் சத்தம் கேட்டது.

பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காதில் இயர்போன். வேலை முடிந்து வீடு போகும் அந்த முக்கால் மணி நேரம் அவளுடையது. யாரோ எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து செய்து இணையத்தில் போட்டுவிடும் ரீமிக்ஸ்களையும் மேஷப்களையும் தோண்டித் தோண்டிக் கேட்பாள். பெரிய பெயர்கள் வேண்டாம். நூறு பேர்கூடக் கேட்டிராத பாட்டாக இருக்க வேண்டும். ஒன்றைப் பிடித்து, அதைச் செய்தவர் யார் யாரைக் கேட்கிறார் என்று பார்த்து, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவி, புதையல் எடுப்பதுபோல் எடுப்பாள். இன்று எதையும் தேடவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது.

டக், டக், டடக், டக். முதலில் சிரிப்புத்தான் வந்தது. இது எண்ணும் பெட்டியின் சத்தமல்லவா! ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணும்போது தட்டுகிற ஐந்து சாவிப் பெட்டி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சாவி. நூறு ஆனதும் மணி அடிக்கும். உலகத்தில் எந்த லேப் பைத்தியம் இதை பீட்டாகப் போட்டது என்று நினைத்தாள். பிறகு ஒரு பெண் குரல் வந்தது. சுருதியை ஏற்றிச் சிறுமியின் குரலாக்கியிருந்தார்கள். நியூட்ரோ, நியூட்ரோ, லிம்போ, நியூட்ரோ, எல்லாம் வெள்ளை அணு வகைகளின் சுருக்கப் பெயர்கள். அடியில் தாளம் ஏறிக்கொண்டே வந்தது. மோனோ, நியூட்ரோ, லிம்போ. ஏறி, இறுகி, உச்சிக்குப் போய், எல்லாம் நின்றது.

நான்கு நொடி. ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. இடது சக்கரம் தேய்ந்த நாற்காலி கிறீச்சென்றது. அதன்மேல் இடி விழுந்ததுபோல பேஸ் வந்து விழுந்தது.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதற்கடுத்த நிறுத்தமும் போனது.

கேட்டவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர். கீழே கருத்துகள். "அந்த சைலன்ஸ்ல உயிரே போச்சு." "அந்த மூச்சு இருக்கே, செம." "ஜிம்ல இதத்தான் போடறேன்." செய்தவரின் பெயர் அவள் அறியாத ஏதோ ஒரு புனைபெயர். பாட்டின் கீழே ஒரு வரி: லேப்பில் கிடைத்த சத்தங்கள்.

லேப்பில் கிடைத்ததாம். தரையில் கிடந்ததை எடுத்ததுபோல.

அவளுக்கு டப்பாவைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்படத் தேவை இருக்கவில்லை.

டப்பா என்பது அவன் தோளில் மாட்டியிருக்கும் ஐஸ் பெட்டியால் வந்த பெயர். லேப்பின் கிளைகளிலிருந்து ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களை அதில் வைத்துப் பைக்கில் கொண்டுவருவான். அவளுக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது: பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வரவேற்பு மேஜை அக்கா, "நம்ம பூனை இன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசிருச்சு, மழைதான் வரப்போவுது" என்பாள். அப்படிப்பட்டவள் டப்பாவிடம் மட்டும் பேசினாள். காரணம் பாட்டு. அவனும் வீட்டில் பழைய லேப்டாப்பில் பாட்டுகளை வெட்டி ஒட்டுகிறவன். காலையில் குழாய்களோடு ஒரு லிங்க் தருவான். மாலையில் அவள் ஒன்று அனுப்புவாள். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி. "இருபத்தி மூணு பேர்தான் கேட்டுருக்காங்க, நான் இருபத்தி நாலு" என்று அவன் வந்து நின்றால் அன்றைய நாள் அவனுடையது. ஒருமுறை வெறும் ஒன்பது பேர் கேட்ட பாட்டோடு அவள் வந்தாள். ஒரு வாரம் அவன் வாயே திறக்கவில்லை.

இரண்டரை மாதத்துக்கு முன் அவன்தான் கேட்டான். "உங்க லேப்ல எல்லாமே தாளம் போடுது, பூனை. ஒரு நாள் ரெக்கார்ட் பண்ணிக் குடேன்." மைக்ராஸ்கோப் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டை அழுத்தினாள். ஐந்து நிமிடம் போதும் என்றுதான் அழுத்தினாள். வேலை மும்முரத்தில் நிறுத்த மறந்து நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. மாலையில், திரும்பக் கேட்டுப் பார்க்காமல், மொத்தமாக அனுப்பிவிட்டாள். அன்று மாலை எதையும் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

ஏனென்றால் அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான் அந்த ஸ்லைடு வந்தது. அறுபத்தொரு செல் வரை எல்லாம் வழக்கம்போல. எண்ணும்போது வாய்விட்டுச் சொல்வது கல்லூரியிலிருந்தே அவள் பழக்கம். ஊருக்கெல்லாம் ஊமையாக இருந்தாலும் மைக்ராஸ்கோப்பின் முன் அவளுக்கு வாய் உண்டு. அறுபத்திரண்டாவது செல் பெரிதாக, முகமெல்லாம் கண்ணாக, இளசாக இருந்தது. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத, ரத்தப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் செல். பெட்டியின் ஐந்து சாவிகளில் அதற்கு ஒரு சாவி இல்லை. விரல் அந்தரத்தில் நின்றது. அப்போது இழுத்த மூச்சுதான் அது. டாக்டரம்மாவை அழைக்க எழுந்தபோது நாற்காலி போட்ட கிறீச்தான் அது. அன்று மணி அடிக்கவே இல்லை.

மறுநாள் காலை டப்பா பெட்டியோடு வந்தான். குளிர்பதனப் பெட்டிக்கும் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கும் நடுவே உள்ள சந்தில் அவனை நிறுத்தினாள். பேச வேண்டியதை இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வந்தது ஒரே ஒரு சொல்.

"எடுத்துடு."

அவன் முகம் மலர்ந்தது. "கேட்டுட்டியா? நானே சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு லட்சம் தொட்டதும் சொல்லலாம்னு. நூறுக்குக் கீழ தேடிட்டு அலைஞ்ச நாம எங்க போயிட்டோம் பாரு!"

"எடுத்துடுன்னேன்."

"ஏன்? உன் கொரல்னு யாருக்கும் தெரியாது. சுருதி ஏத்திட்டேன். பெத்தவங்களுக்கே தெரியாது."

"நான் நிறுத்துன எடம்."

"அதான் ஹைலைட்டே! எல்லாரும் அதுக்குத்தான் கேக்கறாங்க. நான் எத்தன நாள் முட்டிக்கிட்டாலும் அப்படி ஒரு கேப் எனக்கு வராது."

"நான் எதுக்கு நிறுத்துனேன்னு தெரியுமா ஒனக்கு?"

"கணக்கு தப்பிருக்கும். இல்ல, கொட்டாவி வந்துருக்கும்." சிரித்தான். "எதுக்கு நிறுத்துன?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அது யாருடைய ரத்தம், அதில் என்ன இருந்தது என்பது அவள் சொல்லக்கூடிய விஷயம் அல்ல. அந்த அறைக்குள் பார்த்தது அந்த அறைக்குள் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். போடாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள். 

அவன் அந்த மௌனத்தை வேறு மாதிரிப் புரிந்துகொண்டான். "பேரு போடலன்னு கோவமா? போட்டுடறேன். பூனைன்னே போடறேன்."

கையில் இருந்த குழாய்த் தட்டை மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் குழாய்கள் எல்லாம் ஒருமுறை குதித்து அடங்கின. வரவேற்பு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கேக்காம எடுத்துருக்க."

"நீதானே அனுப்புன?"

அனுப்பியவள் அவள்தான். அதுதான் எரிந்தது. அவன்மேல் எறிகிற ஒவ்வொரு கல்லும் சுவரில் பட்டு அவள் காலடிக்கே வந்து விழுந்தது.

"சரி, தூக்கிடறேன்" என்றான் கடைசியில், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு. "ஆனா நான் தூக்கிட்டா மட்டும் போயிடுமா? அத எடுத்து ஆளாளுக்கு வேற வேற பண்ணிட்டாங்க. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தேடினாள். எந்தத் திறமையால் ஒன்பது பேர் கேட்ட பாட்டைப் பிடித்தாளோ அதே திறமையால் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பதினான்கு இருந்தன. ஒருவன் வேகத்தை இரட்டிப்பாக்கியிருந்தான். ஒருத்தி அதன்மேல் குழந்தைச் சிரிப்பை ஒட்டியிருந்தாள். ஒருவன் நான்கு நொடியை இழுத்துப் பத்து நொடியாக்கியிருந்தான். அந்தப் பத்து நொடியில் அவள் மூச்சு ஒரு புயலாக இருந்தது. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு மணி அடித்தது. டப்பா வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டிய மணி. அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். அடிக்காத மணியை அடித்ததாகச் சொல்ல இவன் யார்?

எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. பாட்டு நன்றாக இருந்தது. வேறு யாருடைய மூச்சாக இருந்தாலும், கேட்டவுடனே டப்பாவுக்குத்தான் அனுப்பியிருப்பாள்.

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு எண்ணினாள். எண்ணிக்கை தவறியது. இரண்டு முறை ஒரே ஸ்லைடை முதலிலிருந்து பார்த்தாள். டப்பா குழாய்களைச் சின்ன ஜன்னல் வழியே வைத்துவிட்டுப் போனான். லிங்க் எதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். வாராவாரம் வருகிறவர்தான். சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரியில். வீடு பக்கம் என்பதால் ரத்த அணு எண்ணிக்கை மட்டும் இங்கே. தலைமுடி போய்விட்டது. தொப்பியைப் பழைய சீருடையின் தொப்பி மாதிரியே நேராக வைத்திருப்பார். ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை சின்ன ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய ஸ்லைடில் இப்போதெல்லாம் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு. மருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் வெளி. தேடித் தேடிப் போக வேண்டும். பத்து எண்ணியிருப்பாள். ஜன்னலில் தொப்பி தெரிந்தது.

"என்ன பாப்பா, இன்னிக்கு வாயத் தொறக்கலையே? சண்டையா யாரோடயாச்சும்?"

"இல்லண்ணா."

"சும்மா எண்ணும்மா. வெளிய ஒக்காந்து கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் தலையைத் தூக்கினாள். "வெளிய கேக்குமா?"

"பின்ன? மொத நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னிக்கு சும்மா காய்ச்சல்னு வந்தேன் பாரு, அப்பவும் இங்கதான் ஒக்காந்திருந்தேன். நீ பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே போற, நான் கால ஆட்டிக்கிட்டிருக்கேன். திடீர்னு பிரேக் போட்ட." அவர் கையால் போட்டுக் காட்டினார். "இருபத்தாறு வருசம் வண்டி ஓட்டுனவன்மா. ஸ்டாப்புக்குப் போடற பிரேக் எது, குறுக்க ஏதோ வந்துருச்சுன்னு போடற பிரேக் எதுன்னு எனக்குத் தெரியாதா? அப்பவே புரிஞ்சுபோச்சு. டாக்டரம்மா சொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாளும் டியூட்டி பார்த்தேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பழைய வழித்தடம் ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்குப் பின்னால், தோளில் பெட்டியோடு, டப்பா நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உதடு வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாத" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த லேப் கேட்டதில்லை. வரவேற்பு அக்காவின் பேனா நின்றது. "உள்ள வா. ஒன் போன ஐஸ் டப்பாக்குள்ள வை."

"பூனை, எனக்கு நெசமாவே..."

"வைன்னு சொன்னேன்ல?"

அவன் உள்ளே வந்து பெட்டியின் மூடியைத் திறந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே போனை வைத்து மூடினான். எங்கே நிற்பது என்று தெரியாமல் சென்ட்ரிஃபியூஜ் ஓரம் நின்றான்.

"நில்லு அங்க. முழுசும் கேளு."

அவள் நாற்காலியை இழுத்தாள். கிறீச்சென்றது. அவன் கண்ணை மூடித் திறந்தான். எண்ணும் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, முதலிலிருந்து தொடங்கினாள்.

"லிம்போ."

நெடுநேரம் கழித்து, "லிம்போ."

வெறும் வெளி. ஸ்லைடு இருந்த மைக்ராஸ்கோப் மேடையை நகர்த்தினாள். வெளி. "நியூட்ரோ." எந்தப் பாட்டிலும் போட முடியாத தாளம் அது. யாராலும் இதற்கு ஆட முடியாது. கோபம் அப்படியே இருந்தது, தாடையில், தோளில், விரல் நுனியில். அந்த விரலால்தான் சாவியைத் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு செருப்பு தரையில் தட்டியது, அவள் ஒவ்வொன்றைச் சொன்ன பிறகும் ஒரு தட்டு. முப்பது. நாற்பத்தைந்து. டப்பா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக்கூட மாறவில்லை. மூடிய பெட்டிக்குள் போன் அதிரத் தொடங்கியது. யாருக்கோ எங்கேயோ ஏதோ பிடித்துப்போய்விட்டது. ஐஸ்மேல் அது நடுங்கி நகரும் சத்தம் கேட்டது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

"மோனோ." ஐம்பத்தெட்டு. "லிம்போ."

எண்ணும் பெட்டியில் எண் அறுபத்தொன்று என்று காட்டியபோது வெளியே செருப்பு நின்றுவிட்டது.

மேடையை நகர்த்தினாள். வெளி. இன்னும் கொஞ்சம் வெளி. ஓரத்தில் ஊதாவாக ஒன்று எட்டிப் பார்த்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தாள். மூச்சைப் பிடிக்காமல், அதன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.