சகலையின் சட்டை

சகலையின் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு ஊசி குத்தாமலே வலித்தது. சட்டை என்ன பாவம் செய்தது? அதைப் போட்டுக்கொண்டு சகலை போகப்போகும் இடம்தான் காரணம்.

நகரமன்றத்தில் இந்த ஆண்டு ஒரே ஒரு தெருவைச் சீரமைக்கத்தான் நிதி இருந்தது. போட்டியில் நின்றவை இரண்டு தெருக்கள். அக்காளைக் கட்டிய சகலை, குழாய் வேலைக்காரர், முன் தெருவில் இருந்தார். தங்கையைக் கட்டிய தையல்காரர் பின் தெருவில். செவ்வாய்க்கிழமை மன்றத்துப் பொறியாளர் வந்து பார்ப்பார். எந்தத் தெரு அதிகமாகச் சீரழிந்து கிடக்கிறதோ அதற்கு அதிக மதிப்பெண் போடுவார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தெருவுக்கு ஒருவர் பேசலாம். முன் தெருவுக்குச் சகலை பேசுகிறார். அதற்குத்தான் புதுச் சட்டை. அதைத் தைப்பது பின் தெருவுக்காகப் பேசப்போகிறவர். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

பின் தெருவின் குறை பொய்யில்லை. மழை வந்தால் சாக்கடை பொங்கி நேராகத் தையல் கடைக்குள் நுழைந்துவிடும். போன மழையில் மெஷின் மோட்டார் புகைந்தது, பள்ளிச் சீருடைத் துணி ஒரு கட்டு நாறிப்போனது. இன்னொரு மழைக்குக் கடை தாங்காது. இத்தனை நியாயம் கையில் இருந்தும் மனிதருக்குக் கண் முழுக்க முன் தெருவில்தான். அங்கேதான் முதலில் குழாய் வந்தது, அங்கேதான் முதலில் விளக்கு வந்தது. அதை நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

"என்னங்க, மாமா சட்டைக்கு ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாரு" என்றாள் மனைவி திங்கட்கிழமை காலையில்.

"காஜா எடுக்கலைன்னு சொல்லு."

"நேத்தே எடுத்தீங்களே?"

"உங்க மாமா ஒரு நாள் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவாரு? எல்லாமே அவங்களுக்குத்தான் முதல்ல வரணுமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து, பொத்தானும் வைத்த சட்டை வெட்டு மேசைக்கு அடியில் கிடந்தது.

செவ்வாய் விடிந்ததும் தையல்காரர் கடப்பாரையோடு வாசலுக்கு வந்தார். கடைக்கு முன்னால் சாக்கடையை மூடியிருந்த இரண்டு சிமெண்டுப் பலகைகளை நெம்பித் தள்ளினார். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆக வேண்டும் என்பார்களே, அந்த ரகம். "இப்போ மார்க் போடட்டும், பாக்கலாம்!" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனார்.

பொறியாளருக்கு முன்னால் வந்தது சகலை. வேலைக்குப் போகிற வழியில் சட்டையைத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று, "காஜா எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டபடியே வந்தவர், கேள்வி முடிவதற்குள் குழிக்குள் இருந்தார். ஐயோ என்ற அலறலில் தெருவே கூடிவிட்டது. தூக்கிவந்து வெட்டு மேசையில் கிடத்தினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு நின்றது. அப்போதுதான் வந்து சேர்ந்த பொறியாளர் குழியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தாளில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மன்றத்துக்குச் சகலை மாவுக்கட்டோடு, கக்கத்தில் கட்டை ஊன்றி வந்தார். உடம்பில் அந்தப் புதுச் சட்டை. தலைவர் அம்மா அவரை உட்கார்ந்தே பேசச் சொன்னார்.

"எங்க தெருவுக்குக் கேக்கத்தான் வந்தேங்க" என்றார் சகலை. "ஆனா அன்னைக்கு அந்தக் கடையில படுத்துக் கிடந்தப்போ செவுத்தப் பாத்தேன். இடுப்பு உயரத்துக்குச் சாக்கடைத் தண்ணி நின்ன கறை. இத்தன வருஷமா வாசலோடயே போயிட்டிருந்திருக்கேன். பின் தெருவுக்கே குடுத்துடுங்க. நாங்க அடுத்த வருஷம் கேட்டுக்கறோம்."

மன்றமே கை தட்டியது. தையல்காரர் மட்டும் தட்டவில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டார்? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சாக்கடை சரியாகிவிடும், கடை பிழைத்துவிடும். ஆனால் அந்த மாவுக்கட்டை அவரால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பலகை தானா விலகலைங்க" என்றார் எழுந்து. "நான்தான் நெம்பினேன். எங்க தெருவுக்கு வேணும்கிறதுக்காக மட்டும் இல்ல. அவங்க தெருவுக்குப் போயிடக் கூடாதுன்னுதான்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பின் தெருக்காரர் ஒருவர், "கெடுத்தியே பாவி!" என்று கத்தினார். தலைவர் அம்மா மேசையைத் தட்டிவிட்டுப் பொறியாளரைப் பார்த்தார்.

பொறியாளர் தாளைப் புரட்டினார். "பலகைக்குப் போட்ட பத்து மார்க்கைக் கழிச்சிட்டாலும் பின் தெரு எழுபத்தொண்ணு. முன் தெரு அறுபத்துநாலு. அவர் ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தாலும் பின் தெருவுக்குத்தாங்க கிடைச்சிருக்கும்."

நிதி பின் தெருவுக்கு முடிவானது. பலகையைப் பெயர்த்ததற்குத் தையல்காரருக்குத் தண்டமும் முடிவானது. அவர் இரண்டையும் சரியாகக் கேட்டாரா என்பது சந்தேகம். கூட்டம் கலைந்ததும் சகலையின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சகலை, இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் காஜா... திங்கக்கிழமைக்கு முன்னாடியே எடுத்தாச்சு. வேணும்னேதான் சட்டையக் குடுக்கல. குடுத்திருந்தா நீங்க அன்னைக்கு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க."

சகலை சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். முகம் சிவந்தது. "கால் சரியாகட்டும், முதல் உதை உனக்குத்தான்" என்றார். பிறகு கக்கத்துக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்லியிருந்தா நானே உன் தெருவுக்குப் பேசியிருப்பேன்னு சொல்லலாம். ஆனா அது பொய். எங்களுக்கு எல்லாம் கிடைச்சிட்டே இருந்துச்சு, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் திரும்பிக்கூடப் பாக்கல. நீ என் வாசலப் பாத்து எரிஞ்சே, நான் உன் வாசலப் பாக்கவே இல்ல. ரெண்டும் தப்புதான். நம்ம தெருவுக்குக் கேக்கறது உரிமை தம்பி. என்னைக்கு அடுத்த தெருவுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு நினைச்சோமோ, அன்னைக்கே ரெண்டு தெருவுக்கும் குழி வெட்டிட்டோம்."

தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழுதது போதும், எந்திரி" என்றார் சகலை. "தோளக் குடு. படி இறங்கணும்."