பூட்டாத லென்ஸ்

எங்கள் கடையில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பழைய லென்ஸையும் சோதித்து, அதன் குணத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். முதலாளியின் மச்சான்தான் எழுதுவார். "காலத்தின் மூச்சு", "நிழலுக்குள் ஒரு இசை" என்றெல்லாம் எழுதுவார். மூச்சு விடுகிற லென்ஸை நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒளியைப் பற்றி மூன்று வருடம் படித்துவிட்டு, அங்கே அலமாரிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். எரியாதா எனக்கு?

ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"மூச்சுன்னு எழுதினா வாங்குறவருக்கு என்ன சார் புரியும்? ஓரம் மங்குமா, எதிர்வெயில்ல வெளுக்குமா, அதைச் சொல்லுங்களேன்."

"பிஎஸ்சி, உனக்கு ரசனை பத்தாது."

"ரசனைக்குப் பரீட்சை வெச்சாங்களா? எனக்கு ஹால்டிக்கெட்டே வரலையே!"

முதலாளி சிரித்துவிட்டார். பந்தயமும் அவர்தான் கட்டினார். ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, இரண்டு லென்ஸ்கள். ஒன்று அறுபது வருடப் பழசு, மற்றது போன வருடத்தது. இரண்டிலும் ஒரே ஆளை நான் ஃபிலிமில் படம் எடுக்க வேண்டும். சனிக்கிழமை பழைய லென்ஸைப் பார்க்க ஒரு பல் டாக்டர் வருகிறார். அவர் யார் பேச்சை நம்பி வாங்குகிறாரோ, சோதனை மேசையும் சீட்டு எழுதும் வேலையும் இனி அந்த ஆளுக்கு.

அம்மாவைத்தான் எடுத்தேன். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள்.

"கொஞ்சம் சிரியேன்மா."

"இருபது சட்டை பாக்கி கிடக்கு. அதுங்களைச் சிரிக்கச் சொல்லு."

சனிக்கிழமை காலையில் பிரிண்டுகளும் டாக்டரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். எல்லார் முன்னாலும் உறையைப் பிரித்தேன். புது லென்ஸ் படத்தில் அம்மாவின் புருவ முடி, சட்டைப் பொத்தானின் நாலு துளை, மூலையில் தொங்கிய ஹேங்கரின் துரு எல்லாம் தெரிந்தன. ஈவிரக்கம் இல்லாத லென்ஸ். பழைய லென்ஸ் படங்களோ, ஒன்று விடாமல் நடுவிலேயே கலங்கல்.

காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. அந்தப் பழைய லென்ஸின் குழாய் உள்ளே அமுங்கும். வெளியே இழுத்து, ஒரு திருகு திருகிப் பூட்டினால்தான் நிற்கும். இழுத்தேன். பூட்டவில்லை. அது பாட்டுக்குக் கொஞ்சம் உள்ளே சரிந்திருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் நம் கண் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் அதற்கென்று தனி ஜன்னல். அந்த ஜன்னலில் அம்மா பளிச்சென்று இருந்தாள். நானும் நம்பி பட்டனை அமுக்கித் தள்ளியிருக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"அடடா! பாருங்க டாக்டர், இதுதான் பழசோட ஆன்மா. முகத்துல ஒரு கனவு படிஞ்சிருக்கு பாருங்க!"

டாக்டர் தலையாட்டினார். என் தப்புக்குப் பொன்னாடை போர்த்துகிறார் மனிதர். ஒத்து ஊதியிருந்தால் என் மானமாவது மிஞ்சியிருக்கும். பொறுக்கவில்லை.

"அது கனவு இல்ல சார். நான் லென்ஸைப் பூட்ட மறந்துட்டேன்."

"பூட்டலையா?" மச்சான் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சோதனை மேசை கேட்ட ஆளைப் பாருங்கப்பா!"

காது மடல் சுட்டது. மேசை போயே போச்சு என்று நினைத்தேன்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க ஆன்மான்னு சொன்னது?"

"அது வந்து... ஆன்மாங்கிறது சில சமயம்..."

"நீ சொல்லும்மா. பூட்டினா எப்படி இருக்கும்?"

கடையிலிருந்த டிஜிட்டல் கேமராவில் அதே லென்ஸை மாட்டினேன். இழுத்தேன், திருகினேன், அசைத்துப் பார்த்தேன். டாக்டரை வாசலில் நிறுத்தி எடுத்துத் திரையைக் காட்டினேன்.

"கண்ணைப் பாருங்க, நறுக்குன்னு இருக்கு. ஓரம் போகப் போகக் கரையுது. வெள்ளைச் சட்டையைச் சுத்தி ஒரு ஒளி கசியுது. இந்தக் காலத்து லென்ஸ்ல பூச்சு மேல பூச்சு இருக்கும், இதுல அது கிடையாது. வெளிச்சம் உள்ளே புகுந்து அலையுது. சூரியனை எதிர்ல வெச்சு எடுத்தா படம் வெளுத்துடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. எல்லாம் துல்லியமா வேணும்னா புதுசை வாங்குங்க."

"நாள் பூரா அடுத்தவங்க பல்லு ஓட்டையைத் துல்லியமாத்தான் பாக்குறேன். வீட்லயாவது கொஞ்சம் கம்மியாப் பாக்கணும். பழசையே குடு."

திரையில் அவர் தோளைச் சுற்றிக் கசிந்த ஒளியை நான் இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அழகாகத்தான் இருந்தது. மச்சான் காதுபட அதைச் சொல்லவில்லை.

முதலாளி சோதனை மேசையிலிருந்து மச்சானை எழுப்பி, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. சீட்டுல முதல் வரி என்ன எழுதுவே?"

"பூட்டிவிட்டு எடுக்கவும்."

நான் எழுதி ஒட்டியதைப் படித்துவிட்டு டாக்டர் அங்கேயே நின்று நாலு தடவை இழுத்துத் திருகிப் பார்த்தார். மூன்றாவது தடவை பூட்ட மறந்தார்.