கிணற்றில் போய்ச் சேர்ந்த சூடு

அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், கவரைப்பேட்டைக்கு மேற்கே இருந்த மணவாளனுடைய கிணறு கொதித்தது. அதே நேரத்தில் பெரியபாளையம் சாலையில் போய்க்கொண்டிருந்த அவருடைய மைத்துனன் சேகரின் கார் எஞ்சின் மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன பண்ணையாள் கலியன் வாய்க்காலில் காலை வைத்துவிட்டு அலறிக்கொண்டு வரப்பேறினான். கிணற்றில் செத்து மிதந்த கெளுத்தி மீன்களை ஊரில் பாதிப் பேர் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். முக்கால்வாசி வெந்திருந்ததால் விறகு மிச்சம் என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, வேறு பேச்சு எழவில்லை.

அந்தக் காரின் கதை வேறு. சேகர் மெட்ராஸில் ஒரு துரையிடம் டிரைவராக இருந்தவன். துரை கப்பலேறும்போது யுத்தத்துக்கு முந்தைய தன் ரேஸ் காரை அவனிடம் விட்டுப் போனார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். சோழவரம் பந்தயத்தில் அதை ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது சேகரின் ஆசை. அக்காள் சம்பூர்ணத்தின் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆனால் வண்டி மூன்று மைல் தாண்டுவதற்குள் கொதித்து, ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி விடும். தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பு அந்தக் காலத்து வண்டிக்கு இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ஆறியது தானாகக் கீழே இறங்க வேண்டும். சேகர் ரேடியேட்டரில் புளித்தண்ணீரை ஊறவைத்து உள்ளே படிந்திருந்த உப்பைக் கரைத்தான். விசிறி பெல்ட்டை மாற்றினான். முன்னால் ஈரச் சாக்கைக் கட்டினான். ஒழுகிய இடத்தை அடைக்க, லாரிக்காரர்கள் செய்கிறபடி மஞ்சள் தூளைக் கொட்டினான். எதற்கும் மசியவில்லை. சூட்டில் பானட்டின் பெயிண்டே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் நிறத்தில் ஆவி விட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்து நின்ற வண்டி, அந்த வாரம் முடிவதற்குள் சூடாவதையே நிறுத்திவிட்டது.

மணவாளனுக்குச் சந்தேகம் என்பது வெற்றிலை மாதிரி, வேளைக்கு வேண்டும். பால்காரனை, மணியக்காரரை, பஞ்சாங்கத்தை, மழையைக்கூடச் சந்தேகப்பட்டவர் மச்சானை விடுவாரா? கார் வெளியே போனால் கிணறு சுடுகிறது, திரும்பி வந்தால் ஆறுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் எங்கோ குழாய் புதைத்திருக்கிறான் என்று முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தார். ஓர் எலிவளைதான் கிடைத்தது. அந்த வருஷத்துச் சம்பாவுக்கான விதைநெல் முழுவதும் நாற்றங்காலில் இருந்தது. அது வெந்துபோனால் வீட்டில் மறு விதை கிடையாது.

"மாமா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாட்டுக்கு ஓட்டிக்கினு போறேன், அது சூடாவல. அவ்ளோதான்" என்றான் சேகர்.

"சூடு எங்கியாச்சும் போய்த்தானே ஆவணும்? என் கெணத்துக்கு வருது. இனிமே அத்த வெளிய எடுத்தே, கால ஒடச்சிடுவேன்."

சேகர் பயந்து நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. கிணறு ஆறியது, நாற்று கொஞ்சம் தலை நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் வண்டியை எடுத்துப்போகச் சொல்லி அனுப்பியவள் சம்பூர்ணம் என்று கலியன் வந்து சொன்னபோது, மணவாளனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் வயலை வேகவைக்கத் தன் பெண்டாட்டியே துணை போகிறாள். அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தார். சந்தேகத்துக்குத் தீனி நிறையவே கிடைத்தது. வீட்டில் பத்து நாளாகத் தாளிப்பு இல்லை, கடுகு வெடித்த சத்தமே இல்லை. அவள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை, தலையில் பூ இல்லை, பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்த உறவுக்காரர்களை உள்ளே கூப்பிடாமல் திருப்பி அனுப்பினாள். கொட்டகை வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை கண்ட வீட்டின் அடையாளம் இதெல்லாம் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லையே. அப்படியானால் யாரையோ கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறாள், அக்காளும் தம்பியும் சேர்ந்து ஏதோ பெரிய காரியம் பண்ணுகிறார்கள் என்று முடிவு கட்டினார். ஒரு மத்தியானம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நெம்பினார்.

உள்ளே கார் மட்டும்தான் இருந்தது. அடியில் வேப்பிலை பரப்பியிருந்தது. கொப்புளம் எழும்பிய பானட்டுக்கு வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு சம்பூர்ணம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்.

"ஆத்தா எறங்கியிருக்கா. கத்தாதீங்க" என்றாள்.

"காருக்கா? உனக்கின்னா புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"கொப்புளத்தப் பாத்தீங்களா? அந்தச் செவ்வாக்கெழம இது அனலா கொதிச்சிக்கினு வந்து நின்னுது. மொத தண்ணி ஊத்தினேன், மொனகுச்சு. மூணா நாளு ரெண்டாவது ஊத்தினேன், சூடு எறங்கிச்சு."

அம்மை கண்டவர்களுக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாவதோடு ஆத்தாள் விடைபெற்றுப் போய்விடுவாள். மணவாளன் சொம்பைப் பார்த்தார். "மூணாவது ஏன் ஊத்தல? அது ஊத்தினா என் கெணறு ஆறிடுமில்ல?"

"ஆறிடும். ஊத்தினா போயிடுவா. நாலு நாளு கெணறு சில்லுன்னு கெடந்ததுக்கே பயந்துதான் தம்பிய எடுத்துக்கினு போவச் சொன்னேன்." அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. "சந்திரகலாவுக்கும் ரெண்டு தண்ணிதான் ஊத்தினேன். மூணாவதுக்கு அவ இருக்கல."

சந்திரகலா அவர்களுடைய ஒரே பெண். ஐம்பத்தொன்பதில், நான்கு வயதில், பெரியம்மையில் போனவள். அந்த ஏழு வருஷத்தில் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மணவாளன் சொம்பைக் கையில் எடுத்தார். அவர் ஊற்றினால் சம்பூர்ணம் தடுத்திருக்க மாட்டாள். வெளியே நாற்று வாடிக்கொண்டிருந்தது. ஊற்றுவதற்கு முன்னால் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. ஒரு கை பொய் சொல்லலாம் என்று மறு கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மகளை அடக்கம் செய்த நாளில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார்.

நாற்று போய்விட்டது. பொதட்டூர்பேட்டைப் பங்காளியிடம் கேட்டு வாங்கிவந்த நாற்றை நட்டார். அடுத்த வருஷம் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை வெட்டி, சுடுதண்ணீரை அதில் தேக்கி, ஆறவிட்டுப் பாய்ச்சினார். ஊர்ப் பெண்கள் நெல் அவிக்க அங்கேயே வந்தார்கள். சேகர் சோழவரத்தில் ஆறு வருஷம் ஓட்டினான். ஒருமுறையும் முன்னால் வந்ததில்லை, ஒருமுறையும் கொதித்ததுமில்லை. அவன் வண்டியை எடுக்கும்போதெல்லாம் மணவாளன் வந்து நின்று, "எங்க கூட்டிக்கினு போற? பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துடணும்" என்பார். அந்த வண்டியில் யார் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்று சாலைவரை பின்னாலேயே போய்ப் பார்ப்பார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்தவர்கள் கிணற்றில் ஒரு கண்ணாடிக் குழாயை இறக்கி, வெந்நீர் ஊற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன வண்டியின் நம்பரை மணவாளன் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டார்.

எழுபத்தேழு தை மாதம், சேகருக்கு இடுப்பு வலி வந்து வண்டி ஓட்ட முடியாமல் போன பிறகு, வீரராகவன் என்ற மெட்ராஸ் பையன் காரைக் கேட்டு வந்தான். பழைய பந்தய வண்டிகளின் மேல் பைத்தியம் உள்ளவன். சேகர் பேச வாயெடுப்பதற்குள் மணவாளன் குறுக்கே புகுந்து, எந்தத் தெரு, என்ன உத்தியோகம், அம்மா இருக்கிறார்களா, சிகரெட் உண்டா, கையை ஓங்குகிற பழக்கம் உண்டா என்று ஒரு மத்தியானம் முழுக்கத் துருவினார். பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று வீரராகவன் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். சந்திரகலா இருந்திருந்தால் அவளுக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த முகூர்த்தத்தில் சம்பூர்ணம் பானட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், ஸ்டீயரிங்கில் பூச்சுற்றினாள். தாய்மாமன் முறையில் சேகர் ஒரு சிவப்புச் சேலையை மடித்து சீட்டில் வைத்தான். வண்டி சாலை திரும்பி மறைந்தபோது, கிணற்றிலிருந்து ஆவி எழும்ப ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சம்பூர்ணம் வாளியை இறக்கிக் கை நனைத்துப் பார்ப்பாள். சுட்டால் சரி. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஆறிக் கிடந்தால் மணவாளன் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறிவிடுவார். பெட்ரோல் இல்லை, மழை, ஊரில் இல்லை என்று மாப்பிள்ளை சொல்லும் எதையும் நம்பமாட்டார். குனிந்து அடியில் பார்த்து, மூடியைத் திறந்து பார்த்து, புதுக் கீறல் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கண்ணெதிரே அவன் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் கிளம்புவார். வீட்டுக்கு வந்ததும், "நல்லாத்தான் வெச்சிருக்கான், இருந்தாலும் அவன் முழியே சரியில்ல" என்பார். "மத்தியானமே தெரியுமே, கெணறு சுட்டுதே" என்று சொல்லிவிட்டு, அவர் குளிப்பதற்கு வெந்நீர் சேந்தச் சம்பூர்ணம் வாளியை எடுத்துக்கொண்டு போவாள்.