பதினோராவது மாதத்துப் பத்தாயிரம்

கடனை அழித்துத் தருகிறேன் என்ற எர்கெபுலான் என் மகளைவிட இரண்டு வயது சின்னவன். வாய்க்கு வாய் அக்கா என்பான். தராஸ் நகரச் சந்தைக்கு எதிரே, பல் வைத்தியரின் மாடியில் அவன் அலுவலகம். வாசலில் "கடன் முழுவதும் ரத்து, உத்தரவாதம்" என்று ஆள் உயரப் பலகை. அந்தப் பலகையை நம்பித்தான் படியேறினேன்.

எனக்கு வங்கியில் பதினாறு லட்சம் தெங்கே கடன். மகளைக் கட்டிக்கொடுத்த விருந்துக்கு வாங்கியது. சம்பந்தி வீட்டில் ஆளுக்கொரு கோட்டு, மாமியாருக்குக் காதணி என்று போட்டு அனுப்பினேன். அவர்கள் கேட்கவில்லை. என் வீம்பு. நான் பாலர் பள்ளியில் சமையல்காரி. என் கணவர் துர்லிபெக் சிமென்ட் ஆலையில் விழுந்து இடுப்பு போனதிலிருந்து வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். தவணை கட்டினால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் தவணை இல்லை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் சம்பளத்தில் பாதியைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து கிடந்தேன்.

"அக்கா, ரெண்டே ரெண்டு விஷயம்" என்றான் எர்கெபுலான். "ஒண்ணு, பன்னெண்டு மாசம் பேங்குக்கு ஒரு காசு கட்டக் கூடாது. அப்புறம் நாங்க மனுப் போட்டு உங்களைத் திவால்னு அறிவிக்க வச்சிருவோம், கடன் காலி. எங்களுக்கு மாசம் முப்பதாயிரம். ரெண்டு, வீட்ல மூச்சு விடாதீங்க. ஆம்பளைங்க நடுவுல புகுந்து குழப்புவாங்க."

"ஏன் தம்பி கட்டக் கூடாது?"

"அது சட்டம் அக்கா. உங்களுக்குப் புரியாது, விடுங்க."

புரியாது என்றதும் நானும் விட்டுவிட்டேன். அதற்குத்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் "ஆலோசனைக் கட்டணம்" என்று போட்டிருந்தது. உத்தரவாதம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. கையெழுத்துப் போடும்போது அதையும் பார்க்கவில்லை.

மாதாமாதம் முப்பதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தவணை கட்டப் போவதாகத் துர்லிபெக்கிடம் பொய் சொன்னேன். வங்கிக்காரர்கள் பள்ளித் தலைமை வரைக்கும் போன் செய்து மானத்தை வாங்கினார்கள். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நாட்களை எண்ணினேன். பத்து மாதம் அப்படியே ஓடியது.

பதினோராவது மாதம், மார்ச்சில், நவுரிஸ் பண்டிகை வந்தது. புது வருடம் பிறக்குமுன் எல்லோரும் வீட்டைக் கழுவி, சண்டைக்காரனோடு ராசியாகி, வாங்கிய கடனை முடிந்த மட்டும் அடைப்பார்கள். நான் வீட்டை மட்டும் கழுவினேன். துர்லிபெக் மூன்று நாள் காலையில் கிளம்பி மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கேட்டதற்குச் சீட்டாட்டம் என்றார்.

"அறுபது வயசுல சீட்டாடி இடுப்பு பிடிச்ச ஒரே ஆளு நீதான் கிழவா" என்றேன்.

"தோத்துட்டேன் கிழவி. அதான் வலிக்குது" என்று சிரித்தார்.

பன்னிரண்டு மாதம் முடிந்து, மே மாதம் எர்கெபுலான் மனுவைப் போட்டான். ஒரு வாரத்தில் நிராகரிப்பு வந்தது. அவனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நீங்க நடுவுல பணம் கட்டியிருக்கீங்க."

"நான் கட்டலையே."

"கட்டினதா பதிவாயிருக்கே. கணக்கு மறுபடி மொதல்லேருந்து. இன்னும் பன்னெண்டு மாசம், அதே முப்பதாயிரம்தான், உங்களுக்காக ஏத்தலை."

"கொடுத்த மூணு லட்சத்து அறுபதாயிரம்?"

"ஆலோசனை கொடுத்தாச்சே அக்கா" என்றான், அதே தேன் குரலில்.

நேரே அரசாங்க மக்கள் சேவை மையத்துக்கு நடந்தேன். முகப்பில் இருந்த பெண் என் அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"மார்ச் இருபதாம் தேதி, கடைல இருக்கிற பணம் கட்டுற மெஷின் வழியா பத்தாயிரம். கட்டினவர் பேரு துர்லிபெக். யாரு உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரர்."

"பன்னெண்டு மாசம் தொடர்ந்து ஒண்ணுமே கட்டாதவங்களுக்குத்தான் இந்தத் திவால் வழி. ஒரு தடவை கட்டினாலும் போச்சு, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மனுவை யாரு போட்டாங்க?"

எர்கெபுலான் பேரையும், அவனுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இது இலவசம் அக்கா. நீங்களே உங்க போன்ல போடலாம். தெரியலைன்னா இங்க வந்தா நாங்களே போட்டுத் தருவோம்."

அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். நான் முகப்புக்குப் பக்கத்து அழுக்குச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

வீட்டுக்குப் போனபோது துர்லிபெக் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எர்கெபுலானை, முப்பதாயிரத்தை, பன்னிரண்டு மாதப் பொய்யை, மார்ச்சில் கட்டின பத்தாயிரத்தால் மனு திரும்பி வந்ததை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அலமாரியிலிருந்து மடித்துவைத்த ரசீதை எடுத்துவந்தார். ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தார்.

"சந்தையில வெங்காய மூட்டை இறக்கினேன்" என்றார். "நீ ஒருத்தியே கட்டுறியேன்னு இருந்துச்சு. வருஷம் பொறக்கிறப்போ கொஞ்சமாவது குறையட்டும்னுதான். உன் கடன் காகிதத்துல நம்பரைப் பாத்துக் கட்டினேன்."

"தெரியும்."

"அப்ப கடனைக் கட்டினதுதான் தப்பா, கிழவி?"

அந்த வருடம் முழுவதிலும் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பணம் அது ஒன்றுதான். அதுதான் என் மனுவையும் கவிழ்த்தது.

"ஆமா" என்றேன்.

அவர் ரசீதைப் பழைய மடிப்பிலேயே மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எனக்குத் தேநீர் ஊற்றினார்.