பறக்கும் கப்பலுக்கு ஆள்

“இங்கிலீஷில பொய் எழுத வருமா புள்ள உனக்கு?” என்று அர்ச்சுனன் சித்தப்பா கேட்டபோது நவமணி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அவள் பதில் சொல்லவில்லை. அவளிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதும் இல்லை. வாயில் கொழுக்கட்டையோடு பிறந்தவள் என்று, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்குப் பெயர். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்பதைக் கேட்டவர்தாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ரப்பர்த் தோட்டத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாரை விட்டால் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதற்குக் காரணமும் சித்தப்பாவேதான். ரப்பர்த் தகடுகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ ரயிலடிக்குப் போகிற தோட்டத்து லாரி அவர் கையில் இருந்தது. அண்ணன் மகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோய்ப் பாதிரிமார் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். ஐந்தாம் வகுப்பு வரை அப்படி ஓடியது. அவள் பெரியவளானதும், படித்தது போதும் என்று அப்பா ஐயாவு நிறுத்திவிட்டார். சித்தப்பா மல்லுக்கு நின்று பார்த்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“கிராணிகிட்ட போனா தொரை காதுக்குப் போயிரும். நீதான் எழுதணும்,” என்றார் சித்தப்பா.

ஈப்போவில் லாரியைப் பழுதுபார்க்கும் பட்டறையில் சீனி என்று ஒருவன். தன் வெள்ளைக்கார முதலாளி பேசக் கேட்டதை அவன் சித்தப்பாவிடம் அவிழ்த்துவிட்டிருந்தான். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்புகிற பறக்கும் கப்பல்கள் சிங்கப்பூருக்கு வந்துவிட்டனவாம். இங்கிலீஷ் ராஜாவின் ஆகாயப் படைக்கு அங்கே பெரிய இடம் கட்டுகிறார்களாம், ஆளும் எடுக்கிறார்களாம். கப்பல்களில் ஒன்று இங்கே கடலோரத்து லூமுட்டுக்குக் கூட வரப்போகிறதாம். ஓட்டுவதற்கு ஆள் எடுப்பார்களா என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். எடுப்பார்கள், ஆனால் இருபத்தைந்துக்கு மேல் போனவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கண்ணைத்தான் முதலில் சோதிப்பார்கள் என்றான் சீனி. வேறு என்ன வேண்டும் என்று சித்தப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சீனிக்குத் தெரிந்திருக்காது.

சித்தப்பாவுக்கு முப்பத்தாறு வயது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், உலகச் சண்டைக் காலத்தில், லாரி ஓட்டத் தெரிந்தவர்களைப் பஸ்ராவுக்குக் கப்பலேற்றினார்கள். அவரும் போனார். மணல்காட்டில் ஏரோப்பிளான் நிற்கும் இடத்துக்குப் பெட்ரோல் பீப்பாய்களைக் கொண்டுபோய்ப் போடுவது வேலை. பின் இருக்கையில் ஆள் இல்லாமல் ஏரோப்பிளான் கிளம்பினால் எடை சரிக்கட்ட மணல் மூட்டையை ஏற்றுவார்கள். ஒருநாள் மூட்டை கிழிந்து மணல் கொட்டிவிட்டது. ஓட்டுகிற வெள்ளைக்காரப் பையன் சுற்றிலும் பார்த்தான், சித்தப்பாவை ஏறச் சொன்னான். பேரீச்ச மரங்களெல்லாம் நட்டுவைத்த துடைப்பம் மாதிரி தெரிந்தன என்று அவர் நவமணியிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மேலே இருந்த அந்தக் கொஞ்ச நேரம் தன்னை ‘ஏய்’ என்று கூப்பிட ஒருவரும் இல்லை என்பதை மட்டும் ஒரே ஒரு தரம்தான் சொன்னார். ஊர் திரும்பி இதைப் பெருமையாகச் சொல்லப்போக, லயத்தில் அவருக்கு ‘மணல் மூட்டை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. “என்னா மணல் மூட்ட, இன்னிக்கி லாரி பறக்குதா?” என்று ரப்பர்ப் பால் வாளி தூக்குகிறவர்கள் கூடக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நவமணி காகிதத்தை விரித்து உட்கார்ந்தாள். வயது இருபத்து நான்கு என்று போடச் சொன்னார். போட்டாள். லாரி ஓட்டுவது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது எல்லாம் எழுதினாள். பஸ்ராவில் இருந்ததையும், ஏரோப்பிளானில் ஏறியதையும் நன்றாக விரித்து எழுது என்றபோது அவள் பேனா நின்றுவிட்டது.

“சித்தப்பா, இப்ப இருபத்து நாலுன்னா, பஸ்ராவுக்குப் போனப்ப உங்களுக்குப் பன்னெண்டு வயசுதான் இருந்திருக்கும்.”

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப பஸ்ராவ எடுத்துடு,” என்றார்.

எடுத்துவிட்டாள். அதன்பிறகு அந்தக் காகிதத்தில் எந்த லாரிக்காரனுக்கும் பொருந்துகிற நாலு வரிதான் மிஞ்சியது.

காகிதத்தில் வயது குறைந்தால் போதுமா? ஆளும் குறைய வேண்டுமே. காதோரம் நரைத்திருந்த முடியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவிக்கொண்டார். சின்னம்மா செல்லாயி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “முப்பத்தாறு வயசுல அவனவன் மகளுக்கு மாப்பிள தேடுறான். இந்த மனுசன் ஆகாசத்துக்குப் பொண்ணு பாக்கப் போறாரு,” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். ஆனாலும் மறுநாள் அவளே கரியை அரைத்துக் கொடுத்தாள்.

கண்தான் இடித்தது. பஸ்ரா மணல் அடித்ததிலிருந்தே அவர் கண்ணில் ஓயாமல் நீர் வடியும். தூரத்துப் பலகை எழுத்துகள் இப்போது கலங்கித் தெரிந்தன. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் காட்டினால், லாரிக்காரனுக்குப் பார்வை மங்குகிறது என்று துரைக்கு எழுதிவிடுவார், லாரி போய்விடும். ஆகவே கருப்பம்மாளிடம் போனார். கடைசி லயத்தில் இருந்த கருப்பம்மாள் கண்ணுக்குக் கலிக்கம் போடுகிறவள். பச்சிலைச் சாற்றோடு மிளகும் இன்னும் என்னென்னவோ சேர்த்து அரைத்துத் துணியில் முடிந்து கண்ணில் பிழிந்துவிடுவாள். போட்டதும் கண்ணுக்குள் நெருப்பை அள்ளி வைத்ததுபோல் எரியும். எரிச்சல் முழுக்கத் தணியும் வரை இருட்டில் கிடக்க வேண்டும், வெயிலோ நெருப்போ கண்ணில் படக் கூடாது. அவளிடம் போட்டுக்கொண்டு குணமானவர்களும் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்களைத்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

கலிக்கம் போட்டுக்கொண்ட மறுநாள் காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி வந்து சொன்னார். பறக்கும் கப்பல் லூமுட்டுக்கு வந்துவிட்டது. துரை காரில் போகிறார். நாற்காலிகளும் ஐஸ் பெட்டியும் லாரியில் வர வேண்டும். வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பின்னால் ஏறிக்கொள்ளலாம்.

சின்னம்மா வந்து இதைச் சொன்னதும், இருட்டில் கிடந்த சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். போகாமல் இருந்தால் வேலை போகும். அதைவிட, காகிதத்தைக் கொடுக்கிற இடம் தானாக வந்து வாய்த்திருக்கிறது. வெள்ளைக்காரன் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று சின்னம்மா அப்பாவிடம் கெஞ்சி நவமணியையும் அழைத்துக்கொண்டாள்.

பேராக் ஆற்றில் லாரியைத் தெப்பத்தில் ஏற்றிக் கடந்தார்கள். அக்கரையில் வெயில் ஏறிவிட்டது. சித்தப்பா ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் ஓட்டினார். பிறகு அதை மூடி இதால் ஓட்டினார். கன்னமெல்லாம் நீர் வடிந்தது. சின்னம்மா நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

லூமுட் படகுத்துறையில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் கூடியிருந்தார்கள். தண்ணீரில் அது வெள்ளி நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. படகும் இல்லை, பறவையும் இல்லை. அதை ஓட்டிவந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் கரைக்கு வந்து, துரையோடு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் போட்டுக் குடித்தார்கள். சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் காகிதத்தை நீட்டினார். வேர்வையில் காதோரக் கரி கழுத்தில் கோடாக இறங்கியிருந்தது.

வயதில் மூத்த அதிகாரி படித்தார். நல்ல கையெழுத்து என்றார். பிறகு துரையின் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார். எட்டி நின்ற நவமணிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இந்தியரை ஓட்டுவதற்கு எடுப்பது கிடையாது. இவனுக்கு இருபதானாலும் ஐம்பதானாலும் ஒன்றுதான். சிங்கப்பூரில் மண் சுமக்க ஆள் தேவைப்படும், அதற்கு வேண்டுமானால் போகட்டும். சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன் கண்ணுக்குக் கீழே விரலைத் தொட்டுக் காட்டி, இது மோசமாக இருக்கிறது, உடனே டாக்டரிடம் காட்டு என்றார். பஸ்ராவைப் பற்றிச் சொல்லச் சித்தப்பாவின் வாய் திறந்து மூடியது. காகிதத்தில் இல்லாததை எப்படிச் சொல்வது?

லாரிக்கு வந்ததும் அவர் கேட்டார். “என்னா சொன்னாரு?”

நவமணி தரையைப் பார்த்தாள். “எடுக்க மாட்டாங்களாம் சித்தப்பா. நம்ம ஆளுங்கள எடுக்கறதே இல்லையாம்.”

“கண்ணத் தொட்டுக் காட்டுனாரே, அது என்னா?”

“கண்ணு மோசமா இருக்காம். டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரு.”

“அதானே பாத்தேன்.” அவர் முகம் தெளிந்துவிட்டது. சின்னம்மாவும், நானும் பார்த்தேன், கண்ணைத்தான் காட்டினார் என்றாள். சித்தப்பா நவமணியின் தோளைத் தட்டினார். “நீ அஞ்சாம் வகுப்பு புள்ள. அவரு சரசரன்னு பேசுனாரு, முன்ன பின்ன கேட்டிருப்ப. வேணாம்னு முடிவு பண்ணவரு எதுக்குக் கண்ண வைத்தியம் பாத்துக்கன்னு சொல்றாரு?”

அவள் சொன்னதையே இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறிச் சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிரஸ்ஸரிடம் போக முடியாது என்பதில் மாற்றம் இல்லை. வெயிலில் போனதுதான் கெடுத்துவிட்டது என்றாள் கருப்பம்மாள். இந்தத் தடவை மருந்தைக் கெட்டியாக அரைத்தாள். சித்தப்பா காய்ச்சல் என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னலில் கோணிச் சாக்கை அடித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே படுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாரே தவிர ஒருநாளும் முனகவில்லை.

கஞ்சி கொண்டுபோவது நவமணியின் வேலை. “சிங்கப்பூர்ல சம்பளம் வந்ததும் உன்ன மறுபடி பள்ளிக்கூடத்துல போடுறேன். அண்ணன் என்னா சொல்றாருன்னு பாப்போம்,” என்றார் கட்டுக்குள்ளிருந்து.

“சித்தப்பா,” என்றாள்.

“என்னா?”

“கஞ்சி ஆறிடும்.”

கட்டை அவிழ்த்த அன்று சின்னம்மா போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. வலது கண் அவித்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. இடது கண்ணுக்கு, ஆள் அசைந்தால் நிழல் அசைவது மட்டும் தெரிந்தது. கருப்பம்மாள் பத்தியம் கெட்டது என்றாள், கிரகம் என்றாள்; பிறகு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பத்துகாஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. லாரி வேறொருவன் கைக்குப் போனது. துரை இரக்கப்பட்டு, சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலில் ஒட்டிய பட்டையையும் குப்பையையும் கையால் தடவிப் பொறுக்குகிற வேலையைக் கொடுத்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாத கிழவிகள் செய்கிற வேலை அது. அவர்கள் நடுவில் அவரும் குந்தி உட்கார்ந்தார். மணல் மூட்டை என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று சின்னம்மா அழுதாள்.

கரி பூச ஆளில்லாமல் முடி முழுக்க நரை தெரிந்தது.

ஒருநாள் மாலை, மலைப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. லயத்துச் சனமெல்லாம் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தது. சித்தப்பா உள்ளேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நவமணியும் வெளியே போகவில்லை. இரைச்சல் கூரைக்கு மேலே வந்து, தேய்ந்து, ஈப்போப் பக்கம் போய் மறைந்தது.

“அன்னிக்கி அந்த ஆளு சொன்னத முழுசா சொல்லு புள்ள,” என்றார் சித்தப்பா. “ஒண்ணையும் விடாத.”

அவள் சொன்னாள். கையெழுத்தைப் பற்றிச் சொன்னது, சிரித்தது, இந்தியரை எடுப்பதில்லை என்றது, மண் சுமக்கிற வேலை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இருபதானாலுமா?”

“இருபதானாலும் அம்பதானாலும் ஒண்ணுதான்னாரு.”

“என் வயசக் கேட்டாரா?”

“கேக்கல சித்தப்பா.”

“அப்ப பஸ்ராவ எடுத்திருக்கவே வேணாம்,” என்றார் அவர். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். மூலையில் கழியைத் தேடினார். அவள் எடுத்து நீட்டியதும் வாங்கிக்கொண்டார். வாசலில் சின்னம்மா, எங்கே இந்த நேரத்தில் என்று கேட்டாள். கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையை விலக்கிக்கொண்டார். கழியைத் தரையில் தட்டித் தட்டி, லயத்துச் சுவரோரமாகவே போய், சுவர் முடிந்த இடத்தில் ஒரு கணம் நின்று, ரப்பர் மரங்களுக்குள் இறங்கிப் போனார்.