பழைய நம்பர் நாற்பத்தொன்று

தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே ரங்கநாயகி வாசலில் நிற்பாள். கடிதம் யாருக்கு வந்திருந்தாலும் சரி. "அந்த வீடு பூட்டிக் கிடக்கு, எங்கிட்டக் குடுங்க, நான் சேத்துர்றேன்" என்பாள். சேர்த்துவிடுவாள், அதில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் கடிதம் போய்ச் சேர்வதற்குள் சேதி தெருக்கோடி வரை போய்த் திரும்பியிருக்கும். மாயக்காள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன சிவகங்கைக்காரர்கள், வேண்டாம் என்று ஒரு கார்டு எழுதியிருந்தார்கள். கார்டு மாயக்காள் கைக்கு வந்தபோது, அவளுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருந்தார்கள்.

கெட்ட எண்ணம் என்று ஒன்றும் கிடையாது. சிலருக்குப் பால் வயிற்றில் தங்காது. ரங்கநாயகிக்குச் சேதி தங்காது. அவ்வளவுதான்.

மதுரை கோச்சடையில் அந்தத் தெருவுக்குக் கதவிலக்கம் மாற்றியது தொண்ணூற்றேழில். பழைய எண்கள் ஆற்றுப் பக்கமிருந்து ஆரம்பித்து வந்தன. புது எண்களை மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். தெரு தலைகீழானது. ரங்கநாயகி வீட்டுக்குப் பழைய நம்பர் நாற்பத்தொன்று. நாலு வீடு தள்ளியிருந்த நல்லகாமன் வீட்டுக்குப் புது நம்பர் நாற்பத்தொன்று. அவர் வீட்டில் நீலத் தகடு அடித்திருந்தது. இவள் வீட்டுச் சுவரில் அவள் கணவன் கிரிதரன் பெயிண்டில் எழுதிய பழைய நாற்பத்தொன்று அழியாமல் இருந்தது. அழிக்கச் சொன்னவர்களிடம், "இருக்கட்டும், அது ராசியான நம்பரு" என்று சொல்லிவிட்டாள்.

பங்குனி முடியப் போகிற ஒரு மத்தியானம், பார்சல் வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. வண்டிக்காரன் சுவரைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பெட்டியை இறக்கினான். வெள்ளைத் துணியில் தைத்து, பச்சைக் கயிற்றால் வரிந்து கட்டிய வெளிநாட்டுப் பெட்டி. ரங்கநாயகியின் மருமகன் ஹரிஷ்குமார் மஸ்கட்டில் இருந்தான்; மிக்ஸி அனுப்புகிறேன் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தாளில் அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். அந்த மட்டும் அவள் பேரில் தப்பில்லை.

கத்தி எடுத்து முதல் கயிற்றை அறுத்தாள். துணியைத் திருப்பியபோது பெயர் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்க அவளால் முடியும். நல்லகாமன் பெயர். அனுப்பிய இடம், அவர் மகன் முத்துக்குமரன் கட்டட வேலைக்குப் போயிருந்த சவுதி.

அவள் கை நின்றது. நல்லகாமன் வீடு பூட்டியிருந்தது. மகன் நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டும் என்று நேர்த்திக்கடன் செலுத்த, அவரும் அவர் மனைவி அழகம்மாளும் மருமகள் முனீஸ்வரியும் காலையிலேயே அழகர்கோவில் பஸ் ஏறியிருந்தார்கள். வர இருட்டிவிடும். ஒரு கயிறு அறுத்தாயிற்று. பாதி அறுத்த பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சந்தேகப்படுவார்கள் என்று ரங்கநாயகிக்குத் தோன்றியது. அவளுக்கு இப்படியெல்லாம் தோன்றும். இரண்டாவது கயிற்றையும் அறுத்தாள்.

மேலாகப் பூப்போட்ட கம்பளி. அதன் கீழே டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், டார்ச் லைட். ஆகா என்று இருந்தது அவளுக்கு. சாயங்காலம் தெருவில் யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். அதற்கும் கீழே, தேய்ந்த ரப்பர் செருப்பு. துவைத்து மடித்த பழைய லுங்கி. ஒரு சோப்பு டப்பா. திறந்தால் பாதி கரைந்த சோப்பு. 'கஞ்சப் பயல், பாதி சோப்பையா கப்பலேத்தி அனுப்புவான்' என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் முனீஸ்வரி எழுதிய கடிதங்கள் நூல் போட்டுக் கட்டியபடி வந்தன. இனிச் செல்லாது என்று ஓரம் வெட்டிய பாஸ்போர்ட் வந்தது. பஞ்சில் சுற்றிய மூன்று பவுன் சங்கிலி வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கடிதம் இருந்தது, அவன் அறைத்தோழன் முத்திருளன் எழுதியது.

'அய்யா அவர்களுக்கு, கம்பெனியார் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். சாரம் சரிந்து விழுந்ததில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது. உடம்பு வந்து சேர ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார்கள். சங்கிலி அவன் மனைவிக்குத் தாலி கோக்க வாங்கி வைத்திருந்தது. பத்திரமாகச் சேர்க்கவும்.'

தந்தி கிடைக்கவில்லை. அது ரங்கநாயகிக்கு நன்றாகத் தெரியும். தெருவுக்கு வந்த தந்தி எதுவும் அவளுக்குத் தெரியாமல் போனதில்லை. காலையில் பஸ் ஏறப் போன முனீஸ்வரி தலை நிறைய மல்லிகைப் பூ வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் இருந்த வரிசையில் திரும்ப அடுக்கி, அறுத்த கயிற்றை முடிந்து கட்டினாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தரையைத் தொடும்படி போர்வையை இழுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வாசலுக்கு வரவில்லை. ரங்கநாயகிக்கு மேலுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று தெரு பேசிக்கொண்டது. ராத்திரி கிரிதரனிடம் மட்டும் சொன்னாள்.

எப்படிப் போய்ச் சொல்வது? சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். பெட்டியைத் திறந்தேன் என்று சொல்ல வேண்டும். அதில் பவுன் இருக்கிறது. இன்னும் எவ்வளவு இருந்ததோ என்று அழகம்மாள் கேட்பாள். ஊர்ச் சேதியை எல்லாம் ஊருக்குச் சொன்னவளுக்கு, சொல்லியே ஆக வேண்டிய ஒரு சேதி கிடைத்தபோது வாய் திறக்கவில்லை. போகப் போக அவளே ஒரு நியாயமும் கண்டுபிடித்தாள். சாவுச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதானே தீட்டு? அதுவரைக்கும் அந்தப் பெண் சுமங்கலிதானே? நாம் சொல்லாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பூவும் பொட்டும் கொடுத்த புண்ணியம். இதை நினைத்துக்கொண்டு ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிடக்கூடச் செய்தாள்.

நல்லகாமன் வீட்டில் எருமை இருந்தது. தினமும் காலையில் பால் ஊற்ற வருகிறவள் முனீஸ்வரி. கல்யாணமாகி எட்டே மாதத்தில் புருஷனை விமானம் ஏற்றியவள். விசாவுக்காகத் தாலிப் பொன்னை அடகு வைத்ததில், இரண்டு வருஷமாகக் கழுத்தில் மஞ்சள் துண்டு கோத்த கயிறுதான்.

பெட்டி வந்த ஐந்தாம் நாள் அவள் தூக்குவாளியோடு வாசலில் நின்றபோது, பல் விளக்கிக்கொண்டிருந்த கிரிதரன் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் மனைவியிடம் சொன்னார்: "இப்பவே சொல்லிடு. நாளாக ஆக நமக்குத்தான் பாவம்."

"நீங்க சொல்லுங்களேன்" என்றாள் அவள், அதே பாஷையில்.

"பெட்டியைத் திறந்தது நானா?"

"அப்படின்னா வாயை மூடிக்கிட்டுப் பல்லை விளக்குங்க."

முனீஸ்வரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, உங்க பாசையில என்னையத்தான் வையிறீகளா? பாலு தண்ணியா இருக்குன்னு அண்ணே சொல்றாகளா?"

"அய்ய, அதெல்லாம் இல்லடி. காப்பிக்குப் பால் பத்தலையாம். நாளையிலருந்து கால் லிட்டர் கூட ஊத்தச் சொல்றாரு."

"அம்புட்டுத்தானே? அதுக்கு எதுக்கு அண்ணே மூஞ்சிய இப்படி வச்சிருக்காக?" என்றாள். போகும்போது திரும்பி, "அவுக கடுதாசி வந்து ஒன்றரை மாசம் ஆச்சுக்கா. போஸ்ட்மேன் வந்தா கொஞ்சம் கேளுங்க. உங்களுக்குத் தெரியாம தெருவுக்குள்ள ஒரு கார்டு நுழைஞ்சிருமா?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

மறுநாளிலிருந்து கால் லிட்டர் கூடுதலாக வந்தது. கிரிதரன் அந்தக் காப்பியைக் குடிக்காமல் கடைக்குப் போனார். சேதியைச் சொல்லவும் இல்லை, பெட்டியைக் கொடுக்கவும் இல்லை. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் நின்று பழகியவர். வீட்டிலும் அப்படியே நின்றுவிட்டார்.

மீனாட்சி திருக்கல்யாணம் வந்தது. கோவிலில் அம்மனுக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் மதுரைப் பெண்கள் எல்லாரும் தங்கள் தாலிக் கயிற்றைப் புதுசாக மாற்றிக்கொள்வார்கள். கூட்டத்தில் போய் இடிபட முடியாதவர்கள் டிவி பார்த்தபடி மாற்றிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் கலர் டிவியும் கேபிளும் இருந்தது ரங்கநாயகி வீட்டில். வருஷா வருஷம் அவளே வீடு வீடாகப் போய் அழைப்பாள். இந்த வருஷம் அழைக்கவில்லை. ஆனாலும் பத்து பெண்கள் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். முனீஸ்வரிக்கு உட்கார இடமில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போர்வைக்குப் பின்னால் அவள் குதிகால் பெட்டியில் இடித்தது.

"கட்டிலுக்கு அடியில என்னத்தக்கா ஒளிச்சு வச்சிருக்கீக?"

"பழைய பாத்திரம்டி. பேசாம அம்மனைப் பாரு."

மேளம் கெட்டியாக ஒலித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பதால், புதுக் கயிற்றைக் கட்டிய பிறகே பழசைக் கழற்றுவது வழக்கம். முனீஸ்வரி மஞ்சள் சொட்டும் புதுக் கயிற்றை ரங்கநாயகியிடம் நீட்டி, பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

"எங்க அத்தைக்குக் கை நடுங்குதுக்கா. நீங்க கட்டிவிடுங்க. உங்களாட்டம் நெறஞ்ச பூவும் பொட்டுமா நானும் இருக்கணும்."

பக்கத்தில் அழகம்மாள் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். "இறுக்கிக் கட்டு, ரங்கம்மா. வாற ஐப்பசிக்கு அவன் வந்து பொன்னக் கோத்துத் தரட்டும்."

சொல்ல வேண்டுமென்றால் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது என்று பிற்பாடு ரங்கநாயகி கிரிதரனிடம் சத்தியம் செய்தாள். வந்திருக்கலாம். ஆனால் பத்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கையில் ஈரமாக இருந்தது. கட்டினாள். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. அழகம்மாள் சொன்னபடியே பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டினாள். முனீஸ்வரி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நாலாம் நாள் காளை வந்தான். செக்கானூரணிப் பக்கத்துப் பூர்வீக ஊரில் இருக்கிற நல்லகாமனின் பங்காளி மகன். பாஸ்போர்ட்டில் இருந்த ஊர் விலாசத்துக்குத் தந்தி போயிருக்கிறது. அந்த வீட்டை நல்லகாமன் எப்போதோ விற்றுவிட்டார். வாங்கியவர்கள் எழுத்து வாசனை இல்லாதவர்கள். ஏதோ கரண்டு ஆபீஸ் காகிதம் என்று கூரை இடுக்கில் செருகிவிட்டார்கள். கண்ணில் பட்ட அன்றே காளை அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

அழகம்மாளின் அலறல் மெயின் ரோடு வரை கேட்டது. முதல் ஆளாக ஓடியவள் ரங்கநாயகி. எல்லாரையும்விட அதிகமாக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பு இல்லை. பதினைந்து நாள் அழுகை.

மறுநாள் நல்லகாமனும் காளையும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மகன் கடிதத்தில் எழுதியிருந்த நம்பரில் முத்திருளனைப் பிடித்தார்கள். "பெட்டி வந்துச்சாய்யா? அதுல எல்லாம் விவரமா எழுதி வச்சேனே" என்றான் அவன். எந்தப் பெட்டி? இருவரும் அங்கிருந்தே பார்சல் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே கையெழுத்து வாங்கிய தாள்களுக்குள்ளிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்கள்.

அவர்கள் திரும்பியபோது வீட்டு முற்றம் பெண்களால் நிறைந்திருந்தது. உடம்பு எப்போது வருமோ தெரியாது, தாலியை இன்றே வாங்கிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்திருந்தது. முனீஸ்வரியைச் சுற்றி விதவைப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரங்கநாயகி தூணோரம் ஒதுங்கி நின்றாள்.

நல்லகாமன் யாரையும் பார்க்காமல் தாளை நீட்டினார். "யாத்தா ரங்கம்மா, இது உன் கையெழுத்தா?"

அவள் தாளை வாங்கவில்லை.

காளைதான் வாசித்தான். "பெட்டி பட்டுவாடா ஆனது திருக்கல்யாணத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி, பெரியப்பா. கோச்சடை, நம்பர் நாற்பத்தொன்று."

"அடிப் பாவி!" அழகம்மாள் எழுந்திருக்க முடியாமல் தரையை அடித்தாள். "எம்மகன் பொணத்த வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா எங்கிட்டப் பால் வாங்கிக் குடிச்ச? பவுனுக்கு ஆசப்பட்டியா?"

"அய்யோ அக்கா, பவுனு அப்படியே இருக்கு, பஞ்சுகூடப் பிரிக்கலக்கா" என்று ரங்கநாயகி உளறினாள். பவுன் இருப்பது அப்போதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. கிரிதரன் போய்ப் பெட்டியைத் தோளில் தூக்கி வந்து முற்றத்தில் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

முனீஸ்வரி பெட்டியைப் பார்த்தாள். அறுத்து மறுபடி முடிந்த பச்சைக் கயிற்றைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் அழவே இல்லை என்று தெரு ஏற்கெனவே ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டிருந்தது. இப்போதும் அழவில்லை. கழுத்தை நோக்கிக் கை நீட்டிய விதவைப் பெண்ணை மெதுவாக விலக்கினாள்.

"அக்கா, இங்க வாங்க."

ரங்கநாயகி வந்தாள். வராமல் என்ன செய்வாள், வழி விட்டு ஒதுங்கிவிட்டார்கள்.

"நீங்க கட்டுன கயிறுதானக்கா. தெரிஞ்சுதானே கட்டுனீக. நீங்களே அவுத்துவிடுங்க."

"ஏத்தா, சுமங்கலி அதத் தொடக் கூடாதுத்தா" என்றாள் ஒரு கிழவி.

"அவுக தொடலாம். எனக்குத் தெரியாதப்பவே அவுகளுக்குத் தெரியும்."

பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள், அன்று கொடுத்தது போலவே. ரங்கநாயகியின் விரல்கள் முடிச்சைத் தேடின. மஞ்சளும் வேர்வையும் காய்ந்து கயிறு விறைத்திருந்தது. மூன்று முடிச்சும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல்லாக இறுகிக் கிடந்தன. நகம் நுழையவில்லை. யாரோ உள்ளேயிருந்து கத்தி எடுத்து நீட்டினார்கள்.

"கத்தி வேணாம்" என்றாள் முனீஸ்வரி தலை நிமிராமல். "அது பெட்டிக்குத்தான். இதைக் கையாலயே அவுக்கட்டும்."

தெருவே நின்று பார்த்தது. வாசலில், சுவர் மேல், எதிர்வீட்டு மாடியில்கூட ஆள் நின்றது. ரங்கநாயகி நெற்றிக் குங்குமம் மூக்கில் வழிய, முழங்காலிட்டு உட்கார்ந்து நகத்தால் நெம்பினாள். ஒரு நகம் உடைந்தது. வெகு நேரம் கழித்து முதல் முடிச்சு இளகியது.

இன்னும் இரண்டு இருந்தன.